கூண்டுக்குப் பக்கத்து மேசையிலிருந்து

கோர்ட் காட்சி வருகிற படம் எதுவானாலும், நீதிபதியின் மேடைக்குக் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கத்தான் என் கண் முதலில் போகும். அங்கே பெஞ்ச் கிளார்க் இருக்க வேண்டும், அவர் பக்கத்தில் தட்டச்சர் இருக்க வேண்டும். பல படங்களில் ஒரு மேசை இருக்கும், மேலே கட்டுக் கட்டாகக் காகிதம் இருக்கும், அவற்றுக்குப் பின்னால் ஒரு துணை நடிகர் புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர் போல அசையாமல் இருப்பார். கதாநாயகன் மூன்று பக்க வசனத்தைப் பேசி முடிப்பான். இவருடைய விரல் ஒருமுறைகூட அசைந்திருக்காது. அவ்வளவு பேச்சும் பதிவாகாமல் போகிறதே என்று எனக்குத்தான் பதறும்.

திருநெல்வேலிச் சீமை நீதிமன்றங்களில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் எல்லாவற்றிலும் உட்கார்ந்தாகிவிட்டது. கார்பன் தாள் செருகிய ரெமிங்டனில் தொடங்கிக் கணினியில் முடித்தேன். சினிமாப் பைத்தியம் அதற்கும் முந்தையது. இந்த இரண்டும் சேர்ந்ததால் கோர்ட் படங்களைப் பற்றி எனக்குச் சில பிடிவாதமான அபிப்பிராயங்கள் உண்டு. என் அண்ணன் மகன் இப்போது வக்கீலாகப் பதிவு செய்து, ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறான். அவனுக்கு என் அபிப்பிராயங்களில் பாதி பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கேட்பான், மீன் குழம்பு இருப்பதால்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாட்சி பேசுவதை நாங்கள் அப்படியே அடிப்பதில்லை. வக்கீல் கேட்பார், சாட்சி பதில் சொல்வார், நீதிபதி இரண்டையும் ஒரு வாக்கியமாகக் கோத்துச் சொல்வார். அந்த வாக்கியம்தான் தாளில் ஏறும். "அன்றைக்கு நீ குடித்திருந்தாய் அல்லவா?" என்று வக்கீல் அதட்டினால், "ஐயோ, இல்லை ஐயா, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது" என்று சாட்சி நடுங்கினால், தாளில் வருவது இதுதான்: ‘சம்பவத்தன்று நான் மது அருந்தியிருந்தேன் என்றால் சரியல்ல.’ அதட்டலும் போயிற்று, நடுக்கமும் போயிற்று. குறுக்கு விசாரணை எந்த ஊரைச் சுற்றி வந்தாலும் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.’ அந்த வரியை அடித்து அடித்து, அதில் வரும் எழுத்துகளை என் விரல்கள் தூக்கத்திலும் தேடும். பிறகு சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்.

வரப்புத் தகராறு ஒன்றில் அடிதடி. சாட்சி சொல்ல ஒரு பாட்டி வந்திருந்தார். சம்பவம் நடந்த இடம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேட்டார் அரசு வழக்கறிஞர். "கூப்பிட்டால் கேட்கும் ஐயா, முகம் தெரியாது, நடையை வைத்து இன்னார் என்று சொல்லலாம்" என்றார் பாட்டி. நீதிபதி அதை ‘சுமார் 50 அடி தூரம்’ என்று சொல்ல, நானும் அடித்தேன். படித்துக் காட்டியபோது பாட்டி கையை நீட்டி நிறுத்தினார். "அம்பது அடி என்று நான் எப்போதம்மா சொன்னேன்?" கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டு, அந்த வரியை நீக்கிவிட்டுப் பாட்டி சொன்னதையே போடச் சொன்னார். அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடினார்: முகம் தெரியாத தூரத்திலிருந்து அடையாளம் காட்டியது எப்படிச் செல்லும் என்று.

கோர்ட் காட்சியை நான் எடை போடுவது இதை வைத்துத்தான். கூண்டில் நிற்பவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது வக்கீலுக்கும் நீதிபதிக்கும் தெரியாத ஒரு நொடியாவது படத்தில் இருக்க வேண்டும். அது இருந்தால் மற்ற குறைகளை மன்னித்துவிடுவேன். இல்லையென்றால், அரங்கம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் மேடைப் பேச்சுதான்.

‘பராசக்தி’யிலிருந்து தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. 1952 தீபாவளிக்கு வந்த படம். நான் அதைப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே கேட்டிருக்கிறேன். வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், வீட்டு வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். ஆகவே எனக்குக் கதாநாயகன் குணசேகரனுக்கு முதலில் முகம் கிடையாது. குரல்தான். கோர்ட் கூண்டில் நின்று பேசுவதற்காகக் கருணாநிதி எழுதிய அந்த நீண்ட வசனத்தில் ஏறுகிற இடத்தில் ஏறி, இறங்குகிற இடத்தில் இறங்கி, மூச்சு வாங்குகிற இடத்தைக்கூடத் தன் முதல் படத்திலேயே இசையாக்கியவர் அந்தச் சிவாஜி. இன்றைக்கும் எங்கேயாவது ஒலித்தால் என் கை வேலையை விட்டுவிடும்.

ஆனால் தொழில்முறையில் பார்த்தால் அந்தக் காட்சி எதில் சேரும்? குற்றம் சாட்டப்பட்டவரை, நாங்கள் ‘எதிரி’ என்போம், நம் சட்டம் கட்டாயப்படுத்திச் சாட்சி சொல்ல வைக்காது. அவரே விரும்பி எழுதிக் கொடுத்தால்தான் கூண்டேறிச் சாட்சி சொல்லலாம். மற்றபடி, அரசு தரப்புச் சாட்சிகள் முடிந்த பிறகு நீதிபதி அவரிடம் கேட்பார்: உங்களுக்கு எதிராக இன்னின்னார் இப்படி இப்படிச் சொல்லியிருக்கிறார்களே, என்ன சொல்கிறீர்கள்? அதற்குச் சத்தியப் பிரமாணம்கூடக் கிடையாது. ‘பராசக்தி’ காலத்துச் சட்டத்தில் இது 342ஆம் பிரிவு. என் காலத்தில் 313. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 351. பிரிவின் எண்தான் மாறுகிறது. எங்கள் கோர்ட்டுகளில் அந்தக் கேள்விக்கு நான் அடித்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே சொல்: ‘பொய்.’ மிஞ்சினால் இரண்டு சொல்: ‘பொய் வழக்கு.’ தமிழ் சினிமாவின் மிகப் பெரிய பேச்சு, நிஜத்தில் அந்த ஒரு சொல் நிற்கும் இடத்தில் நிற்கிறது. அதனால்தான் அது அவ்வளவு பெரிதாக இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கூண்டில் நின்று ‘பொய்’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிய எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தொண்டைக்குள் மூன்று பக்கம் இருந்திருக்கும். கேட்க ஆள் இல்லை, அடிக்கத் தாள் இல்லை.

அதே படத்தில் குணசேகரனின் தங்கை கல்யாணியின் வழக்கை விசாரிக்கும் நீதிபதி அவளுடைய சொந்த அண்ணன். கதையைக் கேட்டுத் தங்கை என்று தெரிந்ததும் மயங்கி விழுகிறார். தன் இரத்த உறவின் வழக்கை எந்த நீதிபதியும் விசாரிக்க மாட்டார் என்று என் அண்ணன் மகன் சொன்னான். அண்ணனுக்கு முன்கூட்டித் தெரியாதே, தெரிந்த நொடியில் விழுந்துவிட்டாரே, இதைவிட ஒழுங்காக வழக்கிலிருந்து விலக முடியுமா என்றேன் நான். என் அளவுகோலில் அந்த இடம் தேறிவிடுகிறது. கல்யாணி சொல்லச் சொல்ல, மேடையில் இருப்பவருக்குத் தன் வீட்டுக் கதை காதில் விழுகிறது. நீதிபதியாக வரும் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். எல்லோரும் குணசேகரனின் பேச்சைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு இந்த முகம்தான் பெரிது.

‘கௌரவம்’, 1973. பாரிஸ்டர் ரஜினிகாந்தாகவும் அவர் வளர்த்த கண்ணனாகவும் சிவாஜியே. உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவி கிடைக்காத கோபத்தில், கொலை செய்தவன் என்று தெரிந்தே ஒருவனைக் காப்பாற்றிக் காட்டுகிறார் பெரியவர். பிறகு அதே மனிதன் செய்யாத கொலைக்காக மாட்டிக்கொண்டு வரும்போது, எதிரில் அரசு தரப்பில் கண்ணன் நிற்கிறான். பைப்பும் விஸ்கியும் ஆங்கிலமுமாகப் பாரிஸ்டர் நடக்கிற நடைக்குத் தியேட்டரில் விழுந்த கைத்தட்டல் தெரிந்ததே. எனக்குப் பிடித்தது வேறு. தோற்பதற்குப் பழகாத ஒரு வக்கீல் எப்படி இருப்பார் என்பதை அந்தப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களை நான் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு வாசிக்கும்போது கட்சிக்காரனின் முகம் வாடும், அவர்கள் முகம் சிவக்கும். தண்டனை இன்னொருவனுக்கு, அவமானம் தனக்கு. படத்தில் பாரிஸ்டருக்கு உயிரே போகிறது.

அதற்குப் பிறகு ஒரு பெரிய இடைவெளி எனக்கு. சட்டம் ஒழுங்காக வேலை செய்யாது, ஆகவே கதாநாயகனே தண்டனை கொடுத்துவிட வேண்டும் என்கிற படங்கள் வரிசையாக வந்தன. கோர்ட் அவற்றில் முதல் பத்து நிமிடம்தான், வில்லன் சிரித்துக்கொண்டே வெளியே வருவதற்காக. அவற்றைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

‘விதி’ மட்டும் விதிவிலக்கு. 1984. ஏமாற்றப்பட்ட பெண் வழக்குப் போடுகிறாள். ஏமாற்றியவனுக்காக வாதாடுகிறவர் அவனுடைய அப்பா. இவளுக்காக வாதாடுகிற பெண் வக்கீல், அந்த அப்பாவிடம் ஒரு காலத்தில் ஏமாந்தவள். எழுதிப் பார்த்தால் நம்பவே முடியாத முடிச்சு, தெலுங்கிலிருந்து வந்த கதை. ஆனால் அதன் வசனம் ஒலிநாடாவாக வந்து, டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஒலித்ததைக் கேட்ட தலைமுறை நான். பாட்டுக் கேசட் மாதிரி கோர்ட் கேசட். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, குறுக்கு விசாரணை கேட்டுக்கொண்டிருந்தார்கள் நம் மக்கள். அந்தப் பெண் வக்கீலாக வந்த நடிகை சுஜாதாவின் கறுப்பு அங்கியைப் பார்த்துச் சட்டம் படிக்கப் போன பெண்கள் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். எங்கள் கோர்ட்டில் அப்போது பெண் வக்கீல்களை எண்ணக் கை விரல்கள் போதும். சுஜாதாவிடம் ஒரு விஷயம் கவனித்தேன்: அவர் பேசும்போதைவிட, எதிரே அந்த அப்பாவாக வரும் ஜெய்சங்கர் பேசும்போது நன்றாக நடிப்பார். கேட்டுக்கொண்டிருப்பதை நடிப்பது கடினம். நிஜ வக்கீல்களுக்கே வராது.

இங்கே ஒரு சின்ன மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடுகிறேன். நம் ஊர் நீதிபதிகளிடம் மரச் சுத்தியல் கிடையாது. ஒரு கோர்ட்டிலும் கிடையாது. ‘ஆர்டர், ஆர்டர்’ என்று மேசையைத் தட்டுகிற நீதிபதி எங்கள் பக்கம் வந்தால், கோர்ட் சேவகரான டவாலி அவரைத் தச்சுப் பட்டறைக்கு வழி காட்டியிருப்பார். கூண்டில் ஏறுகிறவர் கையில் பகவத் கீதையைக் கொடுத்துச் சத்தியம் வாங்குவதும் இல்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி கடவுளின் பெயரால் அல்லது மனசாட்சிப்படி உறுதி சொன்னால் போதும், புத்தகம் தேவையில்லை. கண்ணைக் கட்டிய நீதி தேவதைச் சிலையை நான் வேலை பார்த்த எந்த அறையிலும் பார்த்ததில்லை. டெல்லி உச்ச நீதிமன்றத்தில் 2024இல் புதிதாக வைத்த சிலைக்குக் கண் கட்டு இல்லை, வாளுக்குப் பதில் அரசியல் சாசனத்தைப் பிடித்திருக்கிறது. நம் சினிமாக்காரர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேர இன்னும் எத்தனை படம் ஆகுமோ.

இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது.

வெற்றிமாறனின் ‘விசாரணை’யை நான் ஒருமுறைதான் முழுதாகப் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்கத் தைரியம் இல்லை. ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து வந்தது. குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்ப் பையன்களைத் திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்து நொறுக்குகிறார்கள். ஆனால் நான் அந்தப் படத்தில் பிடித்துவைத்திருப்பது அடி விழும் காட்சிகளை அல்ல, நடுவில் வரும் அந்தச் சின்னக் கோர்ட் காட்சியை. பையன்கள் நீதிபதி முன் நிற்கிறார்கள். தமிழில் கதறுகிறார்கள். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. அடித்த போலீஸ்காரர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். வேறு வேலையாகத் தமிழ்நாட்டிலிருந்து அங்கே வந்திருக்கும் காவல்துறை அதிகாரி முத்துவேல் (நடித்தது சமுத்திரக்கனி) மொழிபெயர்த்துச் சொல்ல முன்வருகிறார். அந்த நொடியில் எல்லாம் அவர் வாயில் இருக்கிறது. அவரும் போலீஸ். தன் துறைக்காரர்களைக் காப்பாற்ற ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொன்னால் கேட்க யாரும் இல்லை. அவர் உள்ளதைச் சொல்கிறார். பையன்கள் வெளியே வருகிறார்கள். அப்படிக் காப்பாற்றியவருக்கு ஒரு கை கொடுக்கப் போய்த்தான் இரண்டாம் பாதியில் சிக்குகிறார்கள் என்பது வேறு கொடுமை.

என் வேலையின் கடைசி வருடங்களில் எங்கள் பக்கமும் வடமாநிலத் தொழிலாளர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பையன் ஒருவன் கூண்டில் நிற்பான், மலங்க மலங்க விழிப்பான். எதிரிக்குப் புரிகிற மொழியில் சாட்சியத்தை விளக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, ஆள் எங்கே? டவாலி வாசலுக்கு ஓடி, "யாருக்காவது இந்தி தெரியுமா?" என்று கூவுவார். ஒருமுறை வேறு வழக்குக்கு வாய்தாவுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் வந்து நின்று சொன்னார். அவர் சொன்னதைத்தான் நான் அடித்தேன். அந்தப் பையன் சொன்னது அதுதானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதே போலப் பிரெஞ்சுப் படம் ஒன்று, ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’, 2023இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வாங்கியது. கணவனைத் தள்ளிவிட்டாளா, அவனே விழுந்தானா என்ற வழக்கு. பிரெஞ்சு நீதிமன்றத்தில் அந்த ஜெர்மன் பெண், பிரெஞ்சில் தொடங்கித் தடுமாறி, ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறாள். கணவனோடு போட்ட சண்டையின் ஒலிப்பதிவைக் கோர்ட்டில் போடுகிறார்கள். நமக்கு அந்தச் சண்டை காட்சியாகவே விரிகிறது. ஆனால் அடிதடி தொடங்கும் இடத்தில் படம் சட்டென்று கோர்ட்டுக்குத் திரும்பிவிடுகிறது. அதற்கு மேல் வெறும் சத்தம்தான். யார் யாரை அடித்தது? கோர்ட்டில் இருப்பவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவோ நமக்கும் அவ்வளவே. இப்படி ஒரு நேர்மையை நான் அதுவரை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

‘ஜெய் பீம்’ பற்றி வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. 2021இல் வந்தது, வழக்கறிஞராக இருந்து பிறகு நீதிபதியான கே. சந்துரு நடத்திய நிஜ வழக்கிலிருந்து எடுத்தது. அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். காணாமல் போனவரைக் கோர்ட் முன் கொண்டுவரச் சொல்லும் ஆட்கொணர்வு மனு என்ற ஒன்று இருக்கிறது என்பதை நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்த படம் அது. அந்த மனுவில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது அபூர்வம், பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களோடு முடிந்துவிடும். படம் அதை மறைக்காமல், நெருக்கடி நிலைக் காலத்தில் கேரளத்தில் காணாமல் போன மாணவர் ராஜன் வழக்கை முன்னுதாரணமாகக் காட்டி, அந்தக் கதவைத் திறக்கிறது. எழுதியவர்கள் படித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. செங்கேணியாக வந்த லிஜோமோல் ஜோஸ் நிற்கிற விதம், குறிப்பாக அந்தக் கால் மாற்றி நிற்பது, கர்ப்பிணியாகக் கோர்ட் வராந்தாவில் மணிக்கணக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

என் குறை, வக்கீல் சந்துருவாக வரும் சூர்யாவின் கேள்விகளில். அவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் அவருக்கு முன்பே தெரியும். போலீஸ்காரர் வாயைத் திறக்கும் முன்பே நமக்கும் தெரியும். பின்னணி இசை வேறு எனக்கு முந்திக்கொண்டு அழுதுவிடுகிறது. இதைச் சொன்னதும் என் அண்ணன் மகன் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

"அத்தை, பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கவே கூடாது. சீனியர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்."

"நீ வக்கீல், நீ கேட்காதே. படம் எடுக்கிறவர் ஏன் கேட்கக் கூடாது?"

"அப்படியென்றால் ‘கோர்ட்’ மாதிரி எடுக்கச் சொல்கிறீர்களா? பாதியில் நான் தூங்கிவிட்டேன்."

தூங்கினான், உண்மைதான். சைதன்ய தம்ஹானே எடுத்த மராத்திப் படம் ‘கோர்ட்’. தேசிய விருதில் சிறந்த படமாகத் தேர்வானது. மும்பை கீழமை நீதிமன்றம். சாக்கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தது தற்கொலை, அதற்கு ஒரு முதிய மக்கள் பாடகரின் பாட்டுதான் தூண்டுதல் என்று வழக்கு. கேமரா பெரும்பாலும் அசையாமல் தூரத்தில் நிற்கிறது. நீதிபதி வாக்கியத்தைச் சொல்கிறார், தட்டச்சு நடக்கிறது. நிஜமாகவே நடக்கிறது! சாட்சி ஒன்று சொல்ல, நீதிபதி அதைச் சுருக்கி, மெருகேற்றி, உப்புச் சப்பில்லாத ஒரு வாக்கியமாக்கிச் சொல்வதைத் திரையில் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாள் வேலையை ஒருவர் படம் பிடித்துவிட்டார். கையில்லாத உடை போட்டு வந்தாள் என்பதற்காக ஒரு பெண்ணின் வழக்கை எடுக்காமல் வாய்தா போடுகிறார் அந்த நீதிபதி. கத்தவில்லை, மிரட்டவில்லை, விதியைச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். இந்த மாதிரி மனிதர்களை வில்லனாக்கவும் முடியாது, நல்லவர் என்று சொல்லவும் வராது.

இறந்தவரின் மனைவி கூண்டேறும் இடம் ஒன்று வருகிறது. கணவர் சாக்கடைக் குழிக்குள் இறங்கும் முன் ஒரு கல்லை உள்ளே போடுவாராம். கரப்பான் பூச்சி வெளியே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம், இறங்கலாம். நாற்றம் தாங்காமல் குடித்துவிட்டுத்தான் இறங்குவார். இதை அந்தப் பெண் கண்ணீர் இல்லாமல், ரேஷன் கடையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சொல்கிறாள். எதிரில் நிற்கும் இரண்டு வக்கீல்களுக்கும் இப்படி ஒரு பதில் வரும் என்று தெரியாது. பாட்டி ‘நடையை வைத்துச் சொல்லலாம்’ என்றாரே, அந்த வகைப் பதில். ஒரு வழக்கின் முதுகெலும்பை முறிக்கிற பதில் எப்போதும் இப்படித்தான் சாதாரணமாக வரும். இந்தக் காட்சியில் என் அண்ணன் மகன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

மலையாளத்தில் ‘ன்னா தான் கேஸ் கொடு’ என்று 2022இல் ஒரு படம். அதை அவனும் விழித்திருந்து பார்த்தான். திருட்டை விட்டுவிட்ட பழைய திருடன் ஒருவன், ஆட்டோ மோதாமல் தப்பிக்க எம்.எல்.ஏ. வீட்டுச் சுவரேறிக் குதிக்கிறான், நாய் கடித்துவிடுகிறது, திருட வந்தான் என்று வழக்கு. அவன் தானே வாதாடி, ஆட்டோ தடம் மாறியது சாலைக் குழியால், குழிக்குப் பொறுப்பு பொதுப்பணித் துறை அமைச்சர் என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறான். மாஜிஸ்திரேட்டாக வரும் பி.பி. குஞ்ஞிகிருஷ்ணன் அதற்கு முன் சினிமாக்காரர் இல்லை, கேரள அரசின் விருது அவருக்குக் கிடைத்தது. கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எரிச்சல், பசி, சலிப்பு, நடுவில் திடீரென்று வழக்கின் மேல் பிறக்கும் ருசி, எல்லாம் அந்த முகத்தில் ஓடுகிறது. நான் பார்த்த மாஜிஸ்திரேட்டுகளில் மூன்று பேரை அவரிடம் கண்டுபிடித்தேன், பெயர் சொல்ல மாட்டேன். சிரிக்க வைத்துக்கொண்டே விசாரணை நடத்தலாம் என்பது நம் பக்கத்தில் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. நம் நீதிபதிகள் திரையில் சிரித்தால் அது தீர்ப்பு நாளில் கதாநாயகனைப் பார்த்துத்தான்.

இன்னொன்றும் யாருக்கும் தோன்றவில்லை. கொலையும் பலாத்காரமும்தான் கோர்ட் கதை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் அடித்த தாள்களில் பெரும்பகுதி உரிமையியல் வழக்குகள். கிணற்றில் எட்டில் ஒரு பங்கு, வாரத்தில் ஒரு நாள் முறைத் தண்ணீர், பாதையில் நடக்க உரிமை. பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை நினைத்துப் பாருங்கள். தம்பி அண்ணன் மேல் போடுகிறான். கோர்ட் அனுப்பும் ஆணையர் நேரில் போய்ப் பார்த்து வரைபடம் போடுகிறார், அந்த வரைபடத்தில் வேப்ப மரம் எந்தப் பக்கம் என்று இரண்டு வருடம் போகிறது. முதல்நிலைத் தீர்ப்பாணை வருவதற்குள் அண்ணன் இறந்துவிடுகிறார், வாரிசுகளைச் சேர்க்க மனு. கோர்ட் வராந்தாவில் அண்ணியும் கொழுந்தனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பேசாமல், டவாலி பெயர் கூப்பிடக் காத்திருப்பார்கள். மத்தியானம் ஆனால் அண்ணி தூக்குவாளியைத் திறந்து, ஒரு கவளத்தை மூடியில் வைத்து, கொழுந்தன் பக்கமாகத் தள்ளிவிடுவார். முகத்தைப் பார்க்க மாட்டார். பிறகு உள்ளே போய்க் கூண்டேறி, "அவருக்குச் சேர வேண்டியதை என் கணவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டார்" என்பார். இதற்கு என்ன சண்டைக் காட்சி வேண்டும்?

"யார் அத்தை பார்ப்பார்கள் இதை?" என்றான் அவன், மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே.

கல்யாண வீட்டில் ‘விதி’ கேட்ட ஊர் இது என்றேன். அவனுக்கு ‘விதி’ என்றால் என்னவென்றே தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டப்போகிறேன். அவனுடைய சீனியரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.